காலடியால் அளந்த கல்வாரி

தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில், பொழுது சாயும் வேளையில், தமிழ்நாட்டிலோ ஈழத்திலோ உள்ள கத்தோலிக்கக் கோயில் எதற்குள் நுழைந்தாலும், சிலுவை ஏந்திய ஒருவரும் அவருக்கு இருபுறமும் மெழுகுதிரி பிடித்த சிறுவர் இருவரும் முன்னே செல்ல, சுவரிலே வரிசையாக மாட்டப்பெற்ற பதினான்கு படங்களின் முன்னும் நின்று, முழந்தாளிட்டு, எழுந்து, அடுத்த படத்தை நோக்கித் திரும்பும் ஒரு கூட்டத்தைக் காணலாம். பிலாத்துவின் தீர்ப்பிலே தொடங்கிக் கல்லறையிலே முடிகின்ற இந்தச் சிலுவைப் பாதை, அப்போஸ்தலர் காலந்தொட்டு அறுபடாமல் வந்த அனுஷ்டானம் என்றே அதில் கலந்துகொள்வோரில் பெரும்பாலோர் எண்ணியிருக்கின்றனர். சரித்திரம் சொல்வது வேறு. ஸ்தலங்கள் பதினான்கு என்பது 1731-ஆம் ஆண்டில்தான் நிர்ணயிக்கப்பட்டது. அதனினும் வியப்பானது, இந்தப் பாதை எருசலேமில் முழு உருவம் பெற்று மேல்நாடுகளுக்குப் பரவியதன்று என்பது. பெரும்பகுதியும் மேல்நாடுகளில், எருசலேமைக் கண்ணால் கண்டிராதவர்களும் இனிக் காணும் நம்பிக்கையற்றவர்களும் சேர்ந்து வகுத்துக்கொண்ட வரிசை இது. பிற்காலத்தில் எருசலேமின் வீதிகளே இதற்கு இணங்கித் தம்மை அமைத்துக்கொண்டன.

கிறிஸ்துநாதர் மரித்த பின் மூன்று நூற்றாண்டு வரையில், அவர் பாடுபட்ட இடங்களை வெளிப்படையாகப் போற்றுவதற்கு விசுவாசிகளுக்கு வாய்ப்பே இருந்ததில்லை. 70-ஆம் ஆண்டில் ரோமர் எருசலேமை அழித்தனர். அடுத்த நூற்றாண்டில் ஆதிரியான் பேரரசன் அந்த இடிபாடுகளின்மேல் வேறு பெயரும் வேறு அமைப்பும் உடைய ஒரு நகரத்தை எழுப்பினான். ஆகவே ஆண்டவர் சிலுவை சுமந்து நடந்த தெரு, பிற்காலத்து யாத்திரிகர் கால் வைத்த தெருவுக்கு அடியிலே புதைந்து போயிற்று. கொன்ஸ்தந்தீன் அரசன் காலத்தில் சபைக்கு விடுதலை கிடைத்து, கல்வாரியையும் கல்லறையையும் உள்ளடக்கிய பேராலயம் 335-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட பிறகே, நான்கு திசையிலிருந்தும் யாத்திரிகர் கூட்டம் வரத் தொடங்கியது.

அப்படி வந்தவர்களுள் எஜேரியா என்ற பெண்மணி ஒருத்தி. மேலைக் கடற்கரை நாட்டிலிருந்து புறப்பட்டு, 381 முதல் 384 வரையிலான ஆண்டுகளில் கீழ்நாடுகளில் சஞ்சரித்த இவள், தான் கண்டவற்றையெல்லாம் ஊரிலிருந்த தன் சகோதரிகளுக்கு எழுதிவைத்தாள். அந்த ஏடு பல நூற்றாண்டுக் காலம் எவர் கண்ணிலும் படாமல் கிடந்து, 1884-ல் இத்தாலி நாட்டு அரெத்சோ நகரத்து நூல் நிலையமொன்றில் குறைப் பிரதியாக அகப்பட்டது. நம் நாட்டில் சீவகசிந்தாமணி உ. வே. சாமிநாத ஐயரவர்களின் பதிப்பாக வெளிவந்த அதே 1887-ஆம் ஆண்டில், எஜேரியாவின் ஏடும் அங்கே அச்சேறியது என்பதை இங்கே நினைத்துக்கொள்வது தமிழ் வாசகர்க்கு ஓர் இன்பம். ஏடு கிடைத்திராவிடில், நான்காம் நூற்றாண்டில் எருசலேம் நகரத்தார் பெரிய வெள்ளியை எவ்வாறு அனுசரித்தார்கள் என்பதை நாம் இவ்வளவு அண்மையில் நின்று பார்த்திருக்க இயலாது.

பெரிய வியாழன் இரவு முழுவதும் ஒலிவ மலையின்மேல் ஜெபத்திலும் வாசகத்திலும் கழிகின்றது. கோழி கூவும் நேரத்தில், மேற்றிராணியாரும் குருக்களும் சிறு குழந்தைகள் முதலாகச் சகல ஜனங்களும் கெத்செமனி நோக்கி மலையிறங்குகிறார்கள். இரவு கண்விழித்த களைப்பாலும், நாள்தோறும் இருந்த உபவாசத்தாலும் உடல் தளர்ந்திருக்கிறபடியால், கூட்டம் மெல்ல மெல்லவே நடக்கிறது. இருநூறுக்கு மேற்பட்ட மெழுகுதிரிகள் வழிக்கு வெளிச்சம் தருகின்றன. கெத்செமனியில் ஆண்டவர் பிடிபட்ட வரலாறு சுவிசேஷத்திலிருந்து வாசிக்கப்பட்டதும் எழும் அழுகுரல், ஏறக்குறைய நகரம் வரையில் கேட்கும் என்கிறாள் எஜேரியா. பிறகு, ஒருவர் முகம் மற்றொருவருக்குத் தெரியத் தொடங்குகிற கருக்கலில் கூட்டம் நகர வாயிலை அடைகிறது.

அன்று காலையில் சிலுவை மரம் வணக்கத்துக்கு வைக்கப்படும். மேற்றிராணியார் ஆசனத்தில் அமர்ந்து, வெள்ளிப் பேழையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த அந்த மரத்தின் இரு முனைகளையும் தம் கைகளால் இறுகப் பிடித்துக்கொள்வார். சுற்றிலும் உதவிக் குருக்கள் காவல் நிற்பார்கள். காவலுக்குக் காரணம் இருந்தது. முன்னொரு காலத்தில் எவனோ ஒருவன், முத்தமிடுகிற பாவனையில் குனிந்து, பல்லால் கடித்து ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டானாம்! அதன்பிறகு கை படாமல், முதலில் நெற்றியாலும் அடுத்துக் கண்களாலும் தொட்டு, முத்தமிட்டு விலகுவதே ஒழுங்காயிற்று. புனிதப் பொருள் எதுவாயினும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கமுடைய நமக்கு, ஆயிரத்தறுநூறு ஆண்டுக்கு முந்தைய அந்த எருசலேம் வழக்கம் அந்நியமாகத் தோன்றவில்லை. அந்தத் திருடன்மேலும் முழுக் கோபம் வரவில்லை என்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

ஆனால் இத்தனை விரிவாக எழுதிய எஜேரியா, பிலாத்துவின் அரண்மனையிலிருந்து கல்வாரி வரை ஸ்தலம் ஸ்தலமாக நின்று செல்லும் யாத்திரை எதையும் குறிப்பிடவில்லை. ஆண்டவர் மும்முறை விழுந்த இடங்கள் இன்னின்னவை என்றும் எழுதவில்லை. அவள் காலத்து எருசலேம் மக்கள், சுவிசேஷத்தில் உள்ளதை அதனதன் இடத்தில் வாசித்து அழுதார்கள்; அவ்வளவே.

பின்னர் வந்த நூற்றாண்டுகளின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கொன்ஸ்தந்தீன் எழுப்பிய ஆலயம் பாரசீகர் படையெடுப்பில் தீக்கிரையாகி மீண்டும் எழுந்தது. 1009-ல் எகிப்திய கலீபா அல்-ஹாக்கிம் கட்டளையால் இடிக்கப்பட்டது. 1099-ல் சிலுவைப் போர் வீரர் நகரைக் கைப்பற்றி, வெற்றியின் முதல் நாள்களிலேயே கிறிஸ்துவின் பெயருக்கு மாறாத களங்கம் உண்டாக்கும் அளவுக்குக் குடிகளைக் கொன்று குவித்தனர். 1187-ல் சலாதீன் அதைத் திரும்பப் பெற்றான். போர் வீரர்கள் வாளால் நிலைநாட்ட முடியாததை, பிச்சை எடுத்து உண்ணும் துறவிகள் பணிவினால் பெற்றார்கள். அர்ச்சியசிஷ்ட பிராஞ்சீஸ்கு அசிசியாரின் சபையார்தாம் அவர்கள். 1223-ல் கிரேச்சியோ என்ற ஊரில் மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்திப் பாலன் பிறப்பைக் கண்முன் காட்டியவரும், அடுத்த ஆண்டிலே கிறிஸ்துவின் ஐந்து காயங்களைத் தம் உடலிலேயே தாங்கியவர் என்று போற்றப்படுபவருமாகிய அந்த மகானின் பக்தி, தேவனைச் சிம்மாசனத்தில் வைத்துத் தூர நின்று வணங்குவதோடு அமைந்துவிடாமல், அவர் பசித்ததையும் களைத்ததையும் அடிபட்டதையும் கூட இருந்து பார்க்க விழையும் பக்தி. அவருடைய சீடர்களுக்கு, 1342-ல் பாப்பரசர் ஆறாம் கிளெமெந்து பரிசுத்த ஸ்தலங்களின் காவலை ஒப்படைத்தார்.

யாத்திரிகர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு இவ்வாறு பிராஞ்சீஸ்கு சபையாரைச் சேர்ந்தது. இங்கிலாந்திலிருந்து 1458-லும் மறுபடி 1462-லும் எருசலேம் சென்ற வில்லியம் வே என்ற குரு எழுதிவைத்த குறிப்புகளில், அக்காலத்தில் காட்டப்பட்ட நிலைகளின் பட்டியல் ஒன்று உண்டு. அவற்றுள் ஐந்து மட்டுமே நாம் இன்று தியானிக்கும் ஸ்தலங்களோடு பொருந்துகின்றன. இன்னுமொரு விசித்திரம், அக்காலத்து யாத்திரிகர் பெரும்பாலும் கல்வாரியிலே தொடங்கி, ஆண்டவர் வந்த வழிக்கு எதிர்முகமாகப் பிலாத்துவின் வீடு நோக்கி நடந்தார்கள் என்பது. கல்லறை ஆலயத்தில் இரவு தங்கி வெளியே வருகிறவர்களை அங்கிருந்தே அழைத்துச் செல்வது எளிதாயிருந்திருக்கலாம். எப்படியாயினும், தீர்ப்பிலிருந்து கல்லறைக்கு நடப்பதே முறை என்ற எண்ணம் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வலுப்பெற்றது.

எருசலேமுக்குப் போய் வந்தவர் எத்தனை பேர்! கப்பற் கூலிக்கும் வழிநடை வரிக்கும் பொருள் வேண்டும். புயலுக்கும் கொள்ளைக்காரருக்கும் கொள்ளைநோய்க்கும் தப்ப வேண்டும். வீட்டையும் நிலத்தையும் ஓராண்டு பிறர் கையில் விட்டுச் செல்லத் துணிய வேண்டும். உழவனுக்கும் நெசவாளிக்கும், மதில் சூழ்ந்த மடத்துக்குள் வாழும் கன்னியர்க்கும் இது கூடுகிற காரியமன்று. ஆகையால், போக இயலாத இடத்தைத் தம்மிடம் வரவழைத்துக்கொள்ள அவர்கள் முற்பட்டனர். யாத்திரையிலிருந்து திரும்பிய அல்வாரோ என்ற தோமினிக்கு சபைத் துறவி, ஸ்பெயின் தேசத்துக் கோர்தோபா நகரை அடுத்த மலையில் தம் மடத்தைச் சூழப் பாடுகளின் காட்சிகளைக் கொண்ட சிறு கோயில்களை அமைத்தார். இத்தாலியின் வராலோ என்ற மலையூரில், 1486-ல் பெர்னர்தீனோ காயிமி என்ற பிராஞ்சீஸ்கு சபைத் துறவி, எருசலேமையே ஒரு குன்றின்மேல் படைக்கத் தொடங்கினார். உயிருள்ள மனிதரின் அளவில் சமைத்த சுரூபங்கள் நிறைந்த மண்டபங்கள் அங்கே பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. காசிக்குப் போகும் வழியில் அடியார்கள் படும் பாட்டுக்கு இரங்கிப் பராக்கிரம பாண்டியன் சிற்றாற்றங்கரையில் தென்காசி எடுத்ததாகப் பாண்டி நாட்டார் சொல்வார்கள். அதுவும் இதே பதினைந்தாம் நூற்றாண்டில் நடந்தது. ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இம்முயற்சிகளுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது ஜெர்மனியின் நூரெம்பெர்க்கு நகரத்தில் நிகழ்ந்தது. மார்ட்டின் கெட்செல் என்ற நகரவாசி எருசலேமுக்குச் சென்று, பிலாத்துவின் வீட்டிலிருந்து கல்வாரி வரையுள்ள தொலைவைக் காலடிகளால் அளந்து குறித்துக்கொண்டு வந்தாராம். ஊர் வந்து பார்த்தால் குறித்த ஏடு காணவில்லை. ஆகவே இரண்டாம் முறையும் அவ்வளவு தூரம் சென்று மறுபடி அளந்து வந்தாராம். இது ஊரார் சொல்லும் கதை. எவ்வளவு உண்மையோ அறியோம். ஆனால் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆதாம் கிராப்ட் என்ற பெருஞ்சிற்பி செதுக்கிய ஏழு புடைப்புச் சிற்பங்கள், மதில் வாயிலை ஒட்டிய ஒரு வீட்டிலிருந்து ஊர்ப்புறத்து அருளப்பர் கல்லறைத் தோட்டம் வரை தூண்களின்மேல் நிறுத்தப்பட்டன என்பது உண்மை.

சிற்பங்களில் கூட்டம் நெருக்கி அடித்துக்கொண்டிருக்கிறது. வீரர்களின் முகங்களும் உடையும் அந்நகரத்துத் தெருக்களில் நாள்தோறும் காண்கிற முகங்களும் உடையுமே. முதற் சிற்பத்தில் ஆண்டவர் தம் தாயைச் சந்திக்கிறார். அவளோ துயரம் தாளாமல் மூர்ச்சித்துச் சாய்கிறாள். அதன் அடியிலே, நிகழ்ச்சி இன்னதென்று இரண்டு வரியில் சொல்லி, பிலாத்துவின் வீட்டிலிருந்து இது 200 காலடி என்று பொறித்திருக்கிறது. வெரோணிக்கம்மாள் முகம் துடைக்கும் சிற்பத்தின் கீழே 500 காலடி. ஊர்ச் சந்தைக்கு வந்த கிழவி ஒருத்தி, கூடையை இறக்கிவைத்துவிட்டு அந்த வாசகத்தைப் பிறர் படிக்கக் கேட்டிருந்தால், எருசலேமிலே தேவமாதா நின்ற இடம் தன் காலால் எத்தனை அடி என்பதை ஐயமற அறிந்துகொண்டு மேலே நடந்திருப்பாள். புகழ்பெற்ற ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் வீடும் அந்த மதில் வாயிலை அடுத்தே இருந்தது; 1528-ல் அவரை அடக்கம் செய்ததும் அப்பாதை போய் முடிகின்ற கல்லறைத் தோட்டத்திலேதான். சிற்பங்களின் மூலங்கள் வெயிலிலும் மழையிலும் தேய்ந்துபோகவே, அவற்றை அந்நகரத்துப் பொருட்காட்சி நிலையத்துக்குள் கொண்டுபோய்ப் பாதுகாக்கிறார்கள்.

காலடிக் கணக்கில் இவ்வளவு பிடிவாதம் எதற்கென்று அறிவாளிகள் நகைக்கக் கூடும். தியானத்துக்கு இடம் எதற்கு, தூரம் எதற்கு என்று கேட்பது எளிது. ஆனால் பொதுமக்களின் பக்தி, மனத்தளவில் நிற்கும் பொருளைக் காட்டிலும் காலால் நடந்து களைத்து அடையும் பொருளையே நம்புகிறது. ஆண்டவர் பட்ட பாட்டில் ஒரு துளியாவது தன் முழங்காலில் வலித்தாலன்றி அதற்குத் திருப்தி இல்லை.

நூரெம்பெர்க்கின் ஏழும் இன்றைய பதினான்காக வளர்ந்தது தாழ்ந்த நாடுகள் எனப்படும் பிளாந்தர், ஒல்லாந்து பகுதிகளில். ஜான் பாஸ்கா என்ற கார்மேல் சபைத் துறவி எழுதி, அவர் மறைந்த பின் 1563-ல் லூவேன் நகரத்தில் வெளிவந்த புத்தகம், வீட்டை விட்டு வெளியேறாமலே ஓராண்டு முழுவதும் எருசலேம் யாத்திரை செய்யும் வழியைக் கற்பித்தது. முந்நூற்றறுபத்தைந்து நாளுக்கும், இன்று இன்ன இடம், இன்ன தியானம் என்று வகுத்திருந்தது. அதைத் தழுவிக்கொண்டு, தெல்ப்டு நகரத்துக் குருவாகிய கிறிஸ்தியான் அத்ரிக்கேம் 1584-ல் இலத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். கிறிஸ்துவின் காலத்தில் எருசலேம் எவ்வாறு விளங்கியது என்பதை வரைபடத்தோடு விளக்கும் அந்நூலில், சிலுவை சுமந்த வழியில் பன்னிரண்டு இடங்களை, ஒன்றுக்கொன்று உள்ள காலடிக் கணக்கோடு அவர் குறித்தார். நம் கோயில்களில் உள்ள முதற் பன்னிரண்டு ஸ்தலங்கள் அதே பன்னிரண்டு, அதே வரிசை.

இந்த அத்ரிக்கேம் எருசலேமுக்குப் போனதே இல்லை! மதக் கலகத்தில் சொந்த ஊரிலிருந்து துரத்தப்பட்டு, கொலோன் நகரத்தில் அகதியாக வாழ்ந்து, நூல் வெளிவந்த மறு ஆண்டில் அங்கேயே மரித்தவர். தம் ஊர்த் தெருவில் மறுபடி கால்வைக்க இயலாத ஒருவர், தாம் காணாத ஊரின் தெருவை அடி அடியாக அளந்து எழுதினார்; அவர் நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பா எங்கும் பரவிற்று. அதே சமயத்தில் எருசலேமில் நிலைமை என்ன? 1517 முதல் நகரம் துருக்கிய சுல்தான் ஆட்சியில் இருந்தது. 1587-ல் தம் யாத்திரையை அச்சிட்ட சுவாலார்ட் என்பவர், அந்த வழியில் யாத்திரிகர் நிற்பதற்கோ, தலைப்பாகை களைந்து வணங்குவதற்கோ, வேறு பக்திக் குறி காட்டுவதற்கோ அனுமதி இல்லை என்று எழுதுகிறார். உண்மையான தெருவில் ஒரு கணம் நிற்கவும் கூடாதிருந்த காலத்தில், பாவனைத் தெருக்களில் ஜனங்கள் முழந்தாளிட்டுக் கண்ணீர் சொரிந்துகொண்டிருந்தார்கள்.

பதினான்கு ஸ்தலங்களிலும் உள்ளவை எல்லாம் சுவிசேஷத்தில் உள்ளவை அல்ல என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சிரேனே ஊர்ச் சீமோனை வலுக்கட்டாயமாகச் சிலுவை சுமக்கச் செய்ததை மாற்கு எழுதுகிறார்; அவன் அலெக்சாந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன் என்று, அவ்விருவரையும் தம் வாசகர் அறிவார்கள் என்ற பாவனையில் சேர்த்தும் எழுதுகிறார். எருசலேம் மாதர் அழுததை லூக்கா சொல்கிறார். ஆனால் வழியில் தாயைச் சந்தித்ததும், மூன்று முறை விழுந்ததும், வெரோணிக்கம்மாள் முகம் துடைத்ததும் நான்கு சுவிசேஷத்திலும் இல்லை. மூன்று விழுகைகள் உண்டானதற்குக் காரணம் ஆராய்ச்சியாளர் காட்டுகிறார்கள். முற்காலத்தில் ஏழு விழுகைகள் என்றொரு தனிப் பக்தி இருந்தது. அவற்றுள் நான்கு, தாயையும் சீமோனையும் வெரோணிக்கம்மாளையும் மாதரையும் சந்திக்கும் காட்சிகளோடு கலந்து மறைய, எஞ்சிய மூன்றும் வெறும் விழுகைகளாகவே நின்றுவிட்டன. இதனால் அத்தியானங்களின் மதிப்புக் குறைந்துவிட்டதாக நான் கருதவில்லை. இரவெல்லாம் அடிபட்டவன் பாரம் சுமந்து நடந்தால் விழாமல் இரான். பெற்றவள் அவ்வழியில் நில்லாமல் இராள். சுவிசேஷகர் எழுதாது விட்ட இடத்தை ஏழைகள் தங்கள் அநுபவத்தால் நிரப்பிக்கொண்டார்கள். அதில் வரலாற்றாசிரியன் சண்டைக்குப் போக என்ன இருக்கிறது?

ரோமாபுரி இந்த வழக்கத்தை உண்டாக்கவில்லை, உண்டானதை ஒழுங்குபடுத்திற்று. 1686-ல் பாப்பரசர் பதினோராம் இன்னொசெந்து, பிராஞ்சீஸ்கு சபையார் தங்கள் கோயில்களிலேயே ஸ்தலங்களை நிறுவி, பரிசுத்த நாட்டுக்குச் சென்றவர் பெறும், பாவத் தண்டனை குறைக்கும் ஞானப் பலன்களை அங்கேயே பெறலாமென்று அனுமதித்தார். 1726-ல் பதின்மூன்றாம் பெனதிக்து அப்பலன்களை எல்லா விசுவாசிகளுக்கும் உரியதாக்கினார். 1731-ல் பன்னிரண்டாம் கிளெமெந்து, மற்றச் சபையார் கோயில்களிலும் பிராஞ்சீஸ்கு சபைக் குரு ஒருவரைக் கொண்டு நிறுவிக்கொள்ளலாம் என்று விதித்து, எண்ணிக்கை பதினான்கு என்றும் முடிவு கட்டினார்.

இதற்கெல்லாம் பின்னணியில் ஓயாது உழைத்தவர் போர்த்து மவுரீசியோ ஊரவரான லெயோனார்து. 1676-ல் பிறந்த இந்தப் பிராஞ்சீஸ்கு சபைப் பிரசங்கி, கால்நடையாக இத்தாலி முழுவதும் சுற்றி, 1731-க்கும் 1751-க்கும் இடையில் 571 இடங்களில் சிலுவைப் பாதைகளை நிறுவினார். அவற்றுள் எல்லாவற்றிலும் பேர் பெற்றது, 1750 டிசம்பர் 27-ஆம் நாள் ரோமாபுரியின் பழைய கொலோசியத்தில் அவர் நிறுவியது. மனிதரை மிருகங்களுக்கு இரையாக்கி வேடிக்கை பார்த்த அந்த இடிந்த அரங்கின் உள்வட்டத்தில் பதினான்கு ஸ்தலங்களும் நின்றன. பின்னர் இத்தாலிய அரசாங்கத்தார் அகழ்வாராய்ச்சிக்காக அவற்றை அகற்றினார்கள். பாப்பரசரே பெரிய வெள்ளி இரவில் அங்கே சிலுவைப் பாதை நடத்தும் வழக்கத்தை ஆறாம் சின்னப்பர் 1964-ல் மீண்டும் தொடங்கிவைத்தார்.

பலன்களைப் பெறுவதற்குரிய விதிகள் கவனிக்கத் தக்கவை. கோயிலில் நாம் ஸ்தலமென்று எண்ணிப் பார்ப்பது படத்தை. பழைய விதி கேட்டதோ படத்தை அன்று, மரத்தாலான சிலுவையை. பதினான்கு மரச்சிலுவைகள் மந்திரித்து வைக்கப்பட்டிருந்தால் போதும். படமே இல்லாவிடினும் அது சிலுவைப் பாதைதான். மரச்சிலுவை இன்றி எத்துணை விலையுயர்ந்த சித்திரம் மாட்டினாலும் அது சுவருக்கு அலங்காரமே ஆகும். இன்ன ஜெபம் சொல்லவேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. பாடுகளைத் தியானித்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர வேண்டும் என்பதே கட்டாயம். கூட்டம் நெருங்கி நகர வழி இல்லையாயின், குருவானவர் மட்டும் நடந்தால் போதும் என்று சலுகை உண்டு. காலடியால் அளந்தவர்களின் நினைவு இந்த நகர்தல் என்னும் விதியிலே தங்கியிருக்கிறது.

இவ்வாறு நிலைபெற்ற பதினான்கும் கப்பலேறி எருசலேமுக்குப் போய்ச் சேர்ந்தது. மேல்நாட்டிலிருந்து வந்த யாத்திரிகர் தங்கள் ஊர்க் கோயிலில் தியானித்த அதே இடங்களை அங்கே காட்டும்படி கேட்டனர்; காவல் துறவிகளும் அவ்வரிசைக்கேற்பவே இடங்களைக் குறிக்கலாயினர். இன்று அங்கே துயரப் பாதை எனப்படும் வழியின் பல நிலைகளுக்குரிய இடங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் உறுதி பெற்றன. முதல் ஒன்பது தெருவிலும் அதன் ஓரங்களிலும், எஞ்சிய ஐந்து கல்லறை ஆலயத்துக்குள்ளும் உள்ளன. பிலாத்துவின் நியாய ஸ்தலம் நகரின் கிழக்கே அந்தோனியா கோட்டையில் இருந்ததென்று கொண்டு பாதை அங்கே தொடங்குகிறது. மேற்கே ஏரோதின் அரண்மனையில்தான் பிலாத்து தங்கியிருப்பான் என்று கருதும் ஆராய்ச்சியாளர் பலர் உளர். அவர்கள் கருத்துச் சரியாயின் ஆண்டவர் நடந்த திசையே வேறாகும். ஆயினும் வெள்ளிதோறும் பிற்பகல் மூன்று மணிக்குப் பிராஞ்சீஸ்கு சபையார் கடைகளுக்கும் கழுதைகளுக்கும் நடுவே, பேரம் பேசும் குரல்களைக் கடந்து, அந்தப் பழைய வழியிலேயே ஜெபித்துச் செல்கிறார்கள். முதல் பெரிய வெள்ளியிலும் அத்தெருவில் கடை மூடியிருக்கும் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

தமிழருக்கு இந்தப் பாடுகளின் தியானம் இரண்டு வழியாக வந்தது. ஒன்று மேலே சொன்ன சுவர்வழி. மற்றொன்று ஏட்டுவழி. லெயோனார்து பிறந்த அதே 1676-ஆம் ஆண்டில் கோவாவை அடுத்த திவார் தீவில் பிறந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள். 1705-ல் இலங்கைக்கு வந்து 1742-ல் அங்கேயே உயிர்நீத்த இவர், சிங்களத்திலும் தமிழிலும் ஒருங்கே நூல் செய்தவர். ஒல்லாந்தர் ஆண்ட கரையோரப் பகுதிகளில் கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டிருந்தது. குருக்கள் மறைந்தே திரிந்தார்கள். கோயிற் சுவரில் சிலுவை நாட்ட, கோயிலே கைவசம் இல்லை. அந்த நிலையில் அவர் தமிழ்க் கிறிஸ்தவர்க்குக் கொடுத்தது வியாகுலப் பிரசங்கம். குருவானவர் இல்லாத ஊரிலும் எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, மற்றவர் கூடியிருந்து கேட்டு அழலாம். யாழ்ப்பாணத்தில் தபசு காலத்தில் அதைப் பசாம் வாசித்தல் என்பார்கள். உரைநடையே ஆயினும் அதற்கென்று அமைந்த இராகத்தில் நீட்டி ஓதுவார்கள். இத்தாலியிலே ஒருவர் ஊர்தோறும் மரச்சிலுவை நாட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே வயதுடைய மற்றொருவர் இங்கே ஓலையில் அதே பாதையை வகுத்துக்கொண்டிருந்தார்.

தமிழ்நாட்டிலோ சுவர்வழியும் குன்றுவழியும் தழைத்தன. சென்னைப் பரங்கிமலையில், கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் பதினெட்டாம் நூற்றாண்டில் அமைத்துக் கொடுத்த படிகளின் ஓரமாக ஸ்தலங்கள் நிற்கின்றன. வேளாங்கண்ணியில் மாதா குளம் நோக்கிச் செல்லும் மணற்பாதையின் பக்கத்திலும் நிற்கின்றன. முழங்காலாலேயே அம்மணலைக் கடக்கும் தாய்மாரைக் கண்டவர், நூரெம்பெர்க்குத் தூண்களில் காலடிக் கணக்குப் பொறித்தவர்களின் உள்ளத்தை விளங்கிக்கொள்ள வேறு நூல் படிக்க வேண்டியதில்லை.

நம் பழைய கோயில்கள் பலவற்றை இடித்து விரிவாக்கிக் கட்டும் காலம் இது. பழைய படங்கள் கழற்றப்பட்டு, வண்ணம் பூசிய புதிய சுதைச் சுரூபங்கள் ஏறுகின்றன; அது அவ்வூரார் விருப்பம். ஆனால் கழற்றும் படத்தின் உச்சியில், விரல் நீளத்துக்குக் கறுத்துப்போய் ஒட்டியிருக்கும் மரச்சிலுவைதான் ஸ்தலம் என்பதைத் தச்சருக்கும் கொத்தருக்கும் சொல்ல யாரும் இல்லாமற் போவதால், அது படச் சட்டத்தோடு விறகுக்குப் போய்விடுகிறது. சிலுவைப் பாதை நிறுவப்படும்போது, இன்ன நாளில் இன்ன குருவால் மந்திரிக்கப்பட்டது என்று சாட்சிப் பத்திரம் எழுதிவைப்பது பழைய ஒழுங்கு. பங்குக் கோயில்களின் பெட்டிகளில் அத்தகைய பத்திரங்கள் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கக் கூடும். பங்குக் குருக்களும், கோயிற்பிள்ளைமாரும், ஊர்ப் பெரியவர்களும் வருகிற தபசு காலத்துக்கு முன்பே அப்பெட்டிகளைத் திறந்து பார்த்து, பத்திரம் இருந்தால் பிரதி எடுத்து வைக்கவும், மரச்சிலுவைகள் பதினான்கும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கவும் வேண்டுகிறேன்.